சொட்டு மருந்து

தியோபிலஸ் சாரின் இடது கண்ணைத்
திறந்து பிடிக்க இரண்டு விரல் போதும்.
வாயை மூடத்தான்
பெரம்பூரில் ஆள் இல்லை.

எழும்பூரில் புரை எடுத்து அனுப்பிவிட்டார்கள்.
ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு சீட்டு,
நாளைக்கு ஆறு வேளை சொட்டு.
மஸ்கட்டில் இருக்கும் மகனால்
பணம்தான் அனுப்ப முடிந்தது,
கையை அல்ல.

"ஊழியம்னு நினைச்சுக்கோம்மா" என்றார் ஆயர்.
முறை போட்ட தாளில்
ஆறு வேளைக்கும் என் பெயரே இருந்தது.
மற்றவர்களுக்கு அவரைத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
அவர் தலைக்கு மேலே குடியிருப்பவள் நான்.

மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டவர்.
மே மாதத்தில் என் மூன்றாவது குடத்தை எண்ணியவர்.
அம்மாவை அடக்கம் செய்த அன்று
வாசலில் குவிந்த செருப்புகளை
வரிசையாக விடச் சொன்னவர்.
பாடகர் குழுவில் என் குரல் பற்றிக்
கமிட்டிக்குக் கடிதம் எழுதியவர்.
நகல் எனக்கும்.

நேசி என்கிறீர் ஆண்டவரே,
எவ்வளவு தூரத்தில் நின்று என்று சொல்லவில்லை.
ஏதோ ஒரு மிஷன் பணித்தளத்தில் இருந்தால்
நேசித்திருப்பேன்,
காணிக்கைக் கவரில் ஐந்நூறு ரூபாய் அளவுக்கு.
பதினாலு படி இறங்கினால் வருகிற மனிதரை
எப்படி?

முதல் நாள், கையில் வெங்காய வாசனை என்றார்.
இரண்டாம் நாள், சோப்பு வாசனை.
மூன்றாம் நாள் இரண்டு நிமிடம் தாமதம்.
தண்ணீர் லாரி வந்திருந்தது.
லோகோ ஒர்க்ஸில் முப்பத்தாறு வருஷம்
ஒரு நாளும் சங்கு ஊதியபின் நுழைந்ததில்லையாம்.
எல்லாவற்றுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு:
தேதி, நேரம், சொட்டு விட்டவர், குறிப்பு.
குறிப்புக் கட்டம் ஒருபோதும் காலியாக இருந்ததில்லை.
நான் பாட்டிலைக் குலுக்கினேன்,
தேவைக்கு அதிகமாகவே.

ஜெபித்தேன். பொய் சொல்லக் கூடாது,
அவர் மாற வேண்டும் என்றுதான் ஜெபித்தேன்.
பிறகு,
அடுத்த தெருவுக்காவது மாற வேண்டும் என்று.

ஐந்தாம் நாள் ராத்திரி கரண்ட் போனது.
செல்போனைச் சக்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து
அந்த வெளிச்சத்தில் குனிந்தேன்.
இமை நடுங்கியது.
பூட்டும் சாவியும் கடிதமும் நகலும்
எதுவுமே தெரியாத ஓர் இமை.
"எரியுமா இன்னைக்கும்?" என்றார்,
நாலு நாள் எரிந்ததை
நோட்டில்கூட எழுதாதவர்.

அந்தச் சின்ன ஈரத்துக்குள்
நான் வளைந்து தெரிந்தேன்,
மூக்கு மட்டும் பெரிதாக,
கடன் தவணை கட்ட வந்தவளின் முகத்தோடு.

எங்கோ, கொரட்டூரிலோ நெசப்பாக்கத்திலோ,
யாரோ ஒருத்தி,
என் நாத்தனார் ஹெப்சிபாவாகவே இருக்கலாம்,
விளக்கணைக்குமுன் முழங்காலில் நின்று
பல்லைக் கடித்துக்கொண்டு
என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
அவள் வளைகாப்பில் நான் சொன்ன
ஒரே ஒரு வாக்கியத்தை
இத்தனை வருஷமும்
எத்தனை தரம் விழுங்கினாளோ.
கிறிஸ்துமஸுக்கு முறுக்கு மட்டும்
தவறாமல் வந்துவிடும்.

கை ஆடிவிட்டது.
சொட்டு கன்னத்தில் விழுந்து
மீசைக்குள் போனது.
"வீணாப் போச்சு. ஒரு சொட்டு பதினோரு ரூபா."
"நோட்டுல எழுதிக்கோங்க சார்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.
இன்னொரு சொட்டு விட்டேன்.
உள்ளே போனது.
கண்ணை மூடிக்கொண்டு, என் மணிக்கட்டை
விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.
எரிச்சலாகத்தான் இருக்கும்.

காலையில் பார்த்தேன் குறிப்பை:
கரண்ட் இல்லை. சொட்டு ஒன்று விரயம்.

இன்றைக்கும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.
நாளை ஆறு மணிக்கு இறங்குவேன்,
ஐந்து ஐம்பத்தெட்டுக்கே,
வெங்காயம் நறுக்குமுன்.
இதற்கு என்ன பெயர் என்று
நீர்தான் சொல்ல வேண்டும் ஆண்டவரே.
நான் இன்னும் பாதிப் படியில் நிற்கிறேன்.

மோட்டார் சாவி
அவரிடமே இருக்கிறது.