மூவர் காயம், மாடு நலம்

ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் வருகிறார்கள்
நோர்வூட்டிலிருந்து, என் தம்பி தயாபரனைப் பார்க்க.
மஸ்கெலியா, மேல் டிவிசன், ஆறாம் லயம்.
முன் காம்பராவுக்கு வெளிர்நீலம் அடிப்பதென்று
பெயின்ட்டும் பிரஷும் வாங்கி வந்தாயிற்று.
சுவரைத் தேடினோம்.
அது ஏழு பேப்பருக்குப் பின்னால் இருந்தது.

நான் கரண்டியால் சுரண்டுகிறேன்,
எஸ்தர் வாசிக்கிறாள்.
"சம்பள உயர்வு: பேச்சு இறுதிக்கட்டம்."
எந்த வருடம் என்றேன்.
தேதி இருந்த மூலையைக் கரப்பான் தின்றிருந்தது.
எங்கள் வீட்டுக் கரப்பானுக்கு
என்றைக்குமே தேதிதான் ருசி.

அடுத்த அடுக்கு:
"தேயிலை விலை சரிவு. சம்பளம் கூட்ட வழியில்லை."
அதற்கும் அடியில்:
"தேயிலை விலை வரலாறு காணாத உயர்வு."
அதன் கீழே, பொடி எழுத்தில்,
சம்பளம் கூட்ட வழியில்லை.

கூரை ஒழுகி ஒழுகிப் பாசி பிடித்த மூலையில்
"வறட்சி நீடிக்கும்" என்றது வானிலை.
அதைப் பிய்த்தபோது என் கை நனைந்தது.

ஒட்டியவர் யாரோ,
எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர்.
எழுத்தைப் பார்த்து ஒட்டவில்லை,
ஓட்டையைப் பார்த்து ஒட்டியிருக்கிறார்.
ஒரு தாளின் பாதிமேல் இன்னொன்றின் பாதி ஏறி
"லயத்துக்குள் புகுந்த சிறுத்தை
ஐந்நூறு வீடுகளுக்கு அடிக்கல்."
பக்கத்திலேயே
"தோட்டத்துக்கு வந்த அமைச்சர்
மயக்க ஊசி போட்டுப் பிடிப்பு; மக்கள் நிம்மதி."
எஸ்தர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு
"சிறுத்தையாவது லயத்துக்குள்ள வந்து பாத்துச்சே" என்றாள்.

அப்புறம் வேலை எங்கே ஓடும்?
ரேடியோ வாங்கினால் சுவர்க் கடிகாரம் இலவசம்,
இன்றே முந்துங்கள் என்றொரு விளம்பரம்.
போய்க் கேட்டுப் பார்ப்போமா என்கிறாள்,
கடைசித் தேதி அவள் பிறப்பதற்கு முன்பு.
"காணவில்லை: கறுப்புக் குடை, கைப்பிடியில் வாத்துத் தலை,
கண்டெடுத்தவர் மழைக்கு முன் ஒப்படைக்கவும்."
இந்த ஊரில் மழைக்கு முன் என்றால்
எப்போது என்று அரைமணி நேரம் வாதாடினோம்.
சனி போனது. மூடாத வாளியில்
வெளிர்நீலம் ஆடைகட்டிக் கிடந்தது.

ஞாயிறு, பாதி உரித்த சுவரோடு
அவர்களை உள்ளே கூப்பிட்டோம்.
தயாபரன் என்னைப் பார்த்த பார்வையைத்
தலைப்பாக்கினால் எட்டுக் காலம் போதாது.
பெண்ணின் அப்பா வடமலை
தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார், உட்காரவில்லை.
மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.
சுவருக்கு முன்னால் போய் நின்றார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
உரக்க வாசித்தார்:
"கானுக்குள் விழுந்த மாடு மீட்பு.
மூவர் காயம், மாடு நலம்."

நாங்கள் மூச்சு விடவில்லை.
"மூணாவது ஆளு நான்" என்றார்.
சாரத்தை முழங்கால்வரை தூக்கித்
தழும்பைக் காட்டினார், சாட்சிபோல.
"எங்க மூணு பேர் பேரும் போடல,
பாருங்க, மாட்டுக்கு மட்டும்
லெச்சுமின்னு பேரு போட்டிருக்கான்."
சொல்லிவிட்டு அவரே சிரித்த சிரிப்பில்
தேத்தண்ணி சட்டையில் கொட்டியது.

அந்தத் துண்டு தனக்கு வேண்டும் என்றார்.
நுனியைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தார்.
பசை விடவில்லை, மண் விட்டது.
மாடும் மூவரும் ஒரு சாண் சுவரோடு
கையில் வந்துவிட்டார்கள்.
ஓட்டைக்கு அந்தப் பக்கம்
பக்கத்து வீட்டுப் பிலோமினாவின் ஒரு கண்.
"என்ன, சம்பளம் கூடிருச்சா?"

கல்யாணம் ஆவணியில்.
வடமலை அந்தத் துண்டைச் சட்டம் போட்டு
மாட்டியிருப்பதாகக் கேள்வி.
ஓட்டைக்கு நேற்று வந்த பேப்பரை எடுத்தோம்.
பேச்சு இறுதிக்கட்டத்தில்தான் இருந்தது.
எஸ்தர் மாவைக் கரைத்துத் தடவி
தலைகீழாக ஒட்டினாள்.