மூன்றாம் மாடி, இடமிருந்து இரண்டாவது

இடிபாட்டுக் காட்சிகளில் ஒலி இல்லை.
லெனினாகானில் அன்று படம்பிடித்தவன்
கேமராவை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான்.
நான் யெரெவான்காரன், அப்போது பிறக்கவில்லை.
ஒலி சேர்ப்பது என் வேலை.
கல்குவாரி லாரி சரளை கொட்டுவதைப் பதிவுசெய்து
பாதி வேகத்தில் ஓடவிட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.
இயக்குநர் ஹ்மயாக் தோளில் தட்டினார்.

முதல் திரையிடல் அதே ஊரில்.
இப்போது அதன் பெயர் க்யூம்ரி.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
என் லாரி உறுமத் தொடங்கியதும்
நாலு வரிசை எழுந்து வாசலுக்குப் போனது.
ஓடவில்லை, கத்தவில்லை.
கால்களுக்கு வழி தெரிந்திருந்தது.

அன்றிரவு லாரியை அழித்தேன்.

மறுநாள் அருஸ்யாக் வந்தாள்,
காலுறை ஆலையில் வேலை பார்த்தவள்.
தன் பேட்டியைப் பார்க்கக் கேட்கவில்லை.
"மே தின ஊர்வலம் வருமே, அதைப் போடு."
எட்டு விநாடி. நடுக்கத்துக்கு ஏழு மாதம் முன்பு.
பதாகைகள், வெயிலில் மின்னும் ஒரு ஊதுகொம்பு,
பின்னால் ஒன்பது மாடிக் கட்டடம்.
"நிறுத்து."
திரையில் நகத்தை வைத்தாள்.
"என் ஜன்னல். திரைச்சீலை என்ன நிறம்?"

கறுப்பு வெள்ளைப் படம் என்றேன்.
"அது தெரிகிறது. நிறத்தைச் சொல்."

பச்சை என்பது அவள் கட்சி.
நீலம் என்கிறாள் தங்கை சத்தேனிக்.
தற்காலிகம் என்று கொடுத்த தகர வீட்டில்
முப்பத்தைந்து வருடமாக
இந்த ஒன்றுக்குத்தான் சண்டை.
ஜன்னலுக்கு உள்ளே யார் இருந்தார்கள் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன்,
பயறு பயறாகச் சாம்பல் நிறம்
திரை முழுக்க.

இறுதிப் பிரதியில்
மீட்பு ஆள் ஒருவன் கையை உயர்த்துகிறான்.
கிரேன்கள் நிற்கின்றன.
எல்லோரும் கல்லோடு காதை ஒட்டிக் குனிகிறார்கள்.
அந்தப் பதினேழு விநாடிக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை.
ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள் என்றார் தயாரிப்பாளர்.
நினைக்கட்டும்.

ஊர்வலம், நீளம் கருதி வெட்டுப்பட்டது.
எட்டு விநாடியைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.
வீட்டில் கணினி இல்லை என்றாள்,
வாங்கிக் கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.
படியிறங்கும்போது திரும்பி,
"பச்சை என்று நீ சொன்னதாகத்தான்
சத்தேனிக்கிடம் சொல்வேன்,
யாராவது கேட்டால் மாற்றிப் பேசாதே."