இரண்டு பேர் தேவை

பொத்தானை அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
டுலூத்தில் ஜூன் மாதத்தை நம்பிக்
கூரையைத் திறந்தவள் நான்தான்,
வேறு யாரைக் குறை சொல்ல?

ஏரிக்கு மேலே வானம்
கழுவாத வாணலியின் அடிபோல் நகர்ந்து வந்தது.
கூரையோ பாதியில் நின்றது,
தும்மல் வருமுன் தூக்கிய முகம் மாதிரி.
கராஜுக்குள் தள்ளிவிடலாமென்றால்
வாசலைவிட ஒரு முழம் உயரம்.

கியர் பார்க்கிங்கில். சரி.
கைப்பிரேக். சரி.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி நான்கு.
பதினேழாம் ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்,
உள்ளே கம்பி அறுபடாமல்
மீன்முள்ளாய் வளைந்து கிடந்தது.
முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
கதவு உறைந்துபோன காலைகளில்
நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க
கெஞ்சியும் உதைத்தும் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

பொத்தான் முன்னால். பம்ப் பின்னால்.
நடுவில் நான் ஒருத்தி.
பனி சுரண்டும் கட்டையைப் பொத்தானுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு
ஓடிவந்து டிக்கிக்குள் தலையை விட்டேன்.
எண்ணெய் கோட்டளவில் இருந்தது.
பம்ப் மூச்சுவிடவில்லை.

மிச்சம் ரிலே.
ஹாரனுக்கும் அதே அளவு, அதே நான்கு கால்.
சந்தேகப்பட்டதைக் கழற்றி
ஹாரன் குழியில் செருகி அழுத்தினேன்.
அலறியது பாருங்கள், தெருமுனை வரைக்கும்.
ரிலே யோக்கியன்.
ஆனால் பக்கத்து வீட்டு வலைக்கதவு
படாரென்று திறந்தது.

வெய்கோ ஹர்யூலா.
மூன்று குளிர்காலமாகப் பேச்சில்லை.
அவனுடைய பனியூதும் இயந்திரம்
அவன் பாதையில் விழுந்ததையெல்லாம்
என் பாதையில் கொண்டுவந்து கொட்டும்.
நகராட்சிக்கு நான் எழுதிய கடிதம்
அவனுக்குத் தெரியும்.

"எனக்கா ஹாரன் அடித்தாய்?"
"ரிலேக்கு."

கையேட்டில் நூற்றுப்பதினான்காம் பக்கம் விரிந்திருந்தது:
பம்பின் திருகை இடமாகக் கால் சுற்று தளர்த்தவும்.
இரண்டு பேர் தேவை.
இருபுறமும் ஒரே நேரத்தில் தூக்கவும்.
ஒருவரே தூக்கினால் சட்டம் முறுகிவிடும்.
எச்சரிக்கை முக்கோணத்தின் மேல் ஒரு துளி விழுந்தது.

காபிக் கோப்பையோடு வந்தான்.
கையேட்டை வாங்கி, கையை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் படித்தான்.
திருகை நான் தளர்த்தினேன்.
கோப்பையை பம்பருக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு
"எந்தப் பக்கம்?" என்றான்.
"உன் வீட்டுப் பக்கம்."
"மூன்று சொல்லும்போதா, சொன்ன பிறகா?"
"சொல்லும்போது."
இரண்டிலேயே தூக்கிவிட்டான்.
சட்டம் முனகியது, நான் கத்தினேன்,
இறக்கினோம்.

மறுபடி. ஒன்று. இரண்டு.
பெரிய பறவை ஒன்று சோம்பல் முறிப்பதுபோல்
எழுந்து, மடங்கி, கண்ணாடி விளிம்பில் வந்து படிந்தது.
அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
இருவரும் உள்ளே பாய்ந்தோம்.
ஆளுக்கொரு கொக்கி,
அவன் அவனுடையதை இழுத்துப் பூட்டினான்,
நான் என்னுடையதை.

துணியின் மேல் மழை
வறுகடலை கொட்டுவதுபோல் கொட்டியது.
ஜன்னல்களில் எங்கள் மூச்சு படர்ந்தது.
பேச ஒன்றுமில்லை. கடைசியில்
அவன் முழங்காலைப் பார்த்துச் சொன்னான்:
"அந்த இயந்திரத்தின் மூக்கு
வலப்பக்கம்தான் திரும்பும்.
கேபிள் அறுந்து மூன்று வருஷம்."
"சொல்லியிருக்கலாமே."
"நீ எங்கே கேட்டாய்? கடிதம்தானே போட்டாய்."
நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.
மூன்று வருஷமாக ஒரு கேபிள் வாங்க முடியாதா?

கூரை ஏன் நின்றதென்றும் தெரியவில்லை.
மோட்டாராக இருக்கலாம். எர்த் கம்பி துருப்பிடித்திருக்கலாம்.
நாளைக்கு விளக்குக் கம்பி வைத்துப் பார்க்கவேண்டும்,
பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவன் ஜன்னலைத் துடைத்து
வெளியே நிரம்பி வழியும் கோப்பையைப் பார்த்து
ஃபின்னிஷ் மொழியில் நீளமாக எதையோ திட்டினான்.