தடைக்காலத்து லீக்

ஜூன் மாதம் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்.
குளச்சல் ஐஸ் பிளாண்டில்
உப்புத்தண்ணித் தொட்டியில் முக்கால்வாசி அச்சு காலி.
கம்ப்ரசர் சத்தம் மாறினால் சொல்ல
ஒரு ஆள் வேண்டுமென்று
ராத்திரி மேசையில் என்னை உட்காரவைத்திருக்கிறார் முதலாளி.
காதை அவருக்குக் கொடுத்துவிட்டு
மீதி என்னோடு
ஜப்பானில் ஒரு மல்யுத்தக் கம்பெனி நடத்துகிறேன்.

இருபத்தேழு வீரர்கள்.
கையிருப்பு எட்டு மாதச் சம்பளம்.
டிவி கிடையாது.

கொழுந்தன் பெபின் அதே விளையாட்டில் அமெரிக்காவை எடுத்தான்.
அங்கே வாராவாரம் பெல்ட் கை மாறும்,
கூட்டாளியே நாற்காலியால் அடிப்பான்.
'வாய்ப்பேச்சுக்குத்தான் மார்க்கு, மைனி.'

முதல் வருசம் நானும் அவனைப்போலவே செய்தேன்.
ஒசாகாவில் நடுவரை மயங்கவைத்து
குறுக்கே ஆள்விட்டு ஒருத்தனை ஜெயிக்கவைத்தேன்.
மார்க்கு முப்பத்தொன்று.
கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பதுபோல
அந்த எண் என்னைப் பார்த்தது.

பிறகு படித்தேன்.
வருசத்துக்கு நாலு தடவை பெல்ட் மேடையேறினால் போதும்.
மற்ற ராத்திரிகளில் பெரிய ஆட்களை
ஆறுபேர் ஆட்டத்துக்குள் ஒளித்துவைக்கணும்;
பகையாளிகள் இரண்டு நிமிசம் மட்டும் தொட்டுப் பிரியணும்.
தோற்கிறவன் சுத்தமாகத் தோற்கணும்.
சின்ன ஊர்களுக்குப் போகணும்:
அகிதா, நீகாதா, கொச்சி
(அங்கேயும் ஒரு கொச்சி, அதுவும் மீன்காரர் ஊர்).
நஷ்டம் வரும், வரட்டும்.
ஜனவரியில் டோக்கியோ திருப்பித் தரும்.

புதுப் பயல்களுக்குப் பட்டப்பெயர் கூடாது.
கறுப்பு டிரங்க்ஸ், ஒட்ட வெட்டிய முடி,
இரண்டு வருசம் தோல்வி.
அப்புறம் மெக்சிகோவுக்கு விமானம் ஏற்றிவிடலாம்.
ஷிரகாமி அப்படிப் போனவன்தான்.
திரும்பி வந்தபோது
எனக்கே சம்பளம் பேசக் கூச்சமாக இருந்தது.

மினேகிஷிக்கு நாற்பத்திரண்டு வயது.
டிக்கெட் விற்பது அவர் பெயர்.
இடது முழங்கால் ஐம்பத்துநாலு,
மாதம் ஒரு புள்ளி உதிர்கிறது.
ஜூலை லீக்கில் பத்துப் பேர், ஒன்பது ராத்திரி.
கடைசியில் அவர் பையனிடம் தோற்கணும்.
நாலு வருசமாக இதற்காகத்தான்
இருவரையும் ஒற்றைக்கு ஒற்றை மோதவிடாமல் வைத்திருந்தேன்.

புள்ளிப் பட்டியலை எழுத வேறு தாள் இல்லை,
ஐஸ் கொடுக்கும் பேரேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.
ஒருநாள் காலையில் முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்:
'மினேகிஷி எட்டு. ஷிரகாமி பத்து. உரபே நாலு.
இது எந்தப் போட்டு? கேரளாக்காரனா?'
'ஆமா சார்.'
'தடைக்காலத்தில யாருக்கும் கடன் குடுக்காத.'

ஆறாம் ராத்திரி முழங்கால் போயிற்று.
இரண்டு வாரம் ஓய்வு, என்றார் டாக்டர்.
ஓய்வு கொடுத்தால் இறுதியில் உரபே,
யாருக்கும் வேண்டாத உரபே.
கொடுக்காவிட்டால்
ஒருவேளை அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.
அரைமணி நேரம் நான் எதையும் அமுக்கவில்லை.
மழை ஓட்டில் விழுந்தது, கம்ப்ரசர் மாறாமல் ஓடியது.
பிறகு உரபேயைப் போட்டேன்.

மறுநாள் மினேகிஷி மனவருத்தம் என்று காட்டியது.
அவருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன முகம்.
காட்டட்டும்.
பையனிடம் ஜனவரியில் தோற்கலாம்,
இரண்டு காலாலும் நடந்துபோய்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை
அம்மோனியா வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து அடித்தன.
இறுதியாட்டத்தை ஓடவிட்டு நான் எழும்பவும்
வாசலில் சத்தம்:
'அக்கா, மரிய ஸ்டெல்லாவுக்கு நாப்பது பார்!'
நொறுக்கும் இயந்திரம் பல்லைக் கடித்தது.
இரண்டாம் பக்கம் எழுதி முடித்து
ஈரக் கையோடு திரும்பிப் பார்க்கும்போது மணி மூன்று.

உரபே, முப்பத்துநாலு நிமிசம் தாங்கித் தோற்றிருக்கிறான்.
எண்பத்தொன்பது.

பெபினுக்குச் சொன்னேன்.
அவனுக்குத் தொண்ணூற்று மூன்றாம்.
நாற்காலியோடு.