லீவு நாள் தூசு

நான்கு நாள் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு.
கண் மட்டும் வெளியே.
பாயான் லெப்பாசில், கண்ணாடி அறைக்குள்,
ஒரு தூசு விழுந்தால் ஒரு சில்லு செத்தது என்று
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள், சுங்கை ஆராவில்,
காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு
போர்ச்சில் நின்று
தூசு செய்கிறேன்.

லேத்து, ஜெலுத்தோங்கில் ஒரு கடை இடம் மாறியபோது
அறுநூறு ரிங்கிட்டுக்கு வந்தது.
கடையத் தெரியும் அதற்கு, அவ்வளவுதான்.
நாற்காலிக் கால், பம்பரம், பூரிக்கட்டை,
எதைக் கொடுத்தாலும் உருட்டித் தரும்.
நான் கேட்டதோ தட்டையாக ஒரு பலகை,
ஆறு மில்லிமீட்டர்,
இந்த முனையிலும் அந்த முனையிலும்.

பிளைவுட்டில் இருபத்திரண்டு வட்டம் அறுத்தேன்.
நடுவே ஓட்டை, ஓட்டைக்குள் இரும்புத் தண்டு,
வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் பசை.
இரவெல்லாம் கிளாம்பின் பிடியில் கிடந்து
காலையில் எழுந்தது
மூடி தொலைந்த டிபன் கேரியர் மாதிரி.

சுவிட்சைத் தட்டினேன்.
லேத்து நடந்தது.
மெய்யாகவே நடந்தது, ஒரு முழம், கேட்டைப் பார்த்து,
ஷிப்டுக்கு நேரமாகிவிட்டவனைப் போல.
மையம் ஒரு மில்லிமீட்டர் பிசகியிருக்கிறது.
அந்த ஒன்றை ஆயிரமாகப் பிரித்துப் பார்த்துத்தான்
எனக்குச் சம்பளம்.

பக்கத்து வீட்டு ஊய் கேட்டருகே வந்து நின்றார்.
"அடுத்த வாரம் உருமி மேளமா?"
'டிரம்' செய்கிறாள் என்று குணாளன் சொல்லி வைத்திருக்கிறான்.
டிரம்தான் அங்கிள், ஆனால் அடிக்கிறதுக்கு இல்லை.
அவர் நம்பவில்லை.
ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

உளியை ஊன்றிப் பிடித்தேன்.
தான் சுமந்த கோணலைத் தானே சுற்றிச் சுற்றிச்
சீவித் தள்ளியது லேத்து.
எண்பதாம் நம்பர் உப்புத்தாளை
முழங்காலுக்குக் கட்டுப்போடுவதுபோல் சரித்துச் சுற்றினேன்.
பழைய அலமாரிக் கதவு மேசையாயிற்று,
பின்னால் கீல், முன்னால் திருகு.
கால் சுற்றுக்கு மேல் ஆசைப்படாதே
என்று மார்க்கரில் எனக்கே எழுதி வைத்தேன்.
பெயின்ட் வாளியும் வேக்குவம் குழாயும்
பிடித்தவரை பிடிக்கட்டும்.

முதல் பலகை, பலா.
பாலிக் புலாவில் சாக்கடையை அகலப்படுத்த வெட்டிய மரம்.
அழுத்தினேன், கருகியது.
விட்டேன், அலை அலையாய் வந்தது.
ஏழாவது தடவை
மூச்சு விடும் வேகத்தில் தள்ளியபோது
உருளையின் குரல் மாறியது.
அதற்குமேல் அளவுகோல் தேவைப்படவில்லை.
இருந்தாலும் அளந்தேன்.
ஆறு. ஆறு. ஆறேகால்.
அந்தக் காலை யாரிடமும் சொல்லவில்லை.

ஊய் எழுந்து போய்த் தன் வெட்டுப்பலகையோடு வந்தார்,
பத்து வருஷக் கத்தித் தழும்போடு.
சுற்றுகிற திசைக்கு எதிராகத் தள்ளணும் என்று சொன்னேன்.
தலைக்குமேல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது,
பாதிதான் கேட்டிருக்கும்.
மீதிப் பாதி பறந்தது
கேட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி,
எதிர்வீட்டு லீமாவ் கஸ்தூரித் தொட்டியை
இரண்டாக்கிவிட்டுப் படுத்தது.

யாரும் பேசவில்லை.
உருளை மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் போய் எடுத்துவந்தார்,
கட்டைவிரலால் தடவினார்,
"பாதிவரைக்கும் நல்லா இருக்கு" என்றார்.

தொட்டிக்குப் பணம் கொடுத்தாயிற்று.
இவ்வளவு பலகை எதற்கு என்று குணாளன் கேட்கிறான்.
தெரியவில்லை.
சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்,
போகும்போதும் வரும்போதும் ஒரு தடவு.

மூன்று முறை தலை குளித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.
உடுப்பு மாற்றும் அறையில்
ஸ்வீ லிங் என் காதுமடலை மடக்கிப் பார்த்தாள்.
மஞ்சளாய் ஒரு கோடு.
"கோயிலுக்குப் போனியா?"

ஆமாம் என்றேன்.
ஈரத்துணி கொடுத்தாள்.