இருபத்தேழாம் குழாய்

மங்காஃபில் எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால்
குப்பை அள்ளிப் பதினோரு நாள்.
கம்பெனி மூன்று மாதமாய்ச் சம்பளம் போடவில்லையாம்,
ஆட்கள் கேம்பை விட்டு இறங்கவில்லை.
நாற்பத்தெட்டு டிகிரி.
கறுப்புப் பைகள் முதலில் உப்பின,
பிறகு வாய் பிளந்தன.
மீன் செதிள், நாப்கின், யாரோ கிழித்த பேங்க் சீட்டு,
ஒரு குழந்தையின் கணக்கு நோட்டு.
வீட்டுக்குள் இருந்தவை
வீதியில் பெயரோடு கிடந்தன.
பூனைகள் வந்தன. பூனையைத் துரத்த ஆள் வந்தது.
மூன்றாம் மாடிக்காரர்
ஐந்தாம் மாடிக்காரரை முறைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார்.

சேவுகன் வந்துகொண்டிருந்தவரை
குப்பை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.
விடிகாலை நாலு மணிக்கு வருவார். இளையான்குடிப் பக்கம்.
ஒருநாள் கேட்டார்,
"ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்குறீங்களாமே,
என்னதாம்மா தெரியும் அதுல?"
பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.
"எல்லாம் தெரியும்" என்றேன்.

இப்போது கேட்டால் சொல்வேன், சேவுகன்.
உடம்புக்குள் நொடிக்கு நொடி
லட்சக்கணக்கில் சாகின்றன செல்கள், சத்தமே இல்லாமல்.
சாகிற செல் ஒழுங்கானது.
தன்னைத் தானே நறுக்கிச்
சின்னச் சின்னப் பொட்டலமாய்க் கட்டிவைக்கும்.
உள்சட்டையைப் புறம் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கும்,
என்னை எடுத்துப் போ என்பதற்கு அதுதான் அடையாளம்.
விழுங்கும் செல் ஒன்று வரும். தின்னும்.
தின்றுவிட்டுச் சும்மா போகாது,
"இங்கே ஒன்றும் நடக்கவில்லை, தூங்குங்கள்" என்று
அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போகும்.

அது வராவிட்டால்
பொட்டலம் உடையும்.
கருவுக்குள் சுருண்டிருந்தது நூல் நூலாய் வெளியே வழியும்.
காவலுக்கு நிற்பவன் அதை
வெளியே கிடந்து பார்த்ததில்லை.
வைரஸின் கையெழுத்துப் போலவே இருக்கும் அவனுக்கு.
முகவரியைக் குறித்துக்கொள்வான், ஆள் திரட்டுவான்.
குறித்துக்கொண்டது சொந்த வீட்டு முகவரி.
பிறகு மூட்டு, தோல், சிறுநீரகம்,
அவனுக்கு எந்தக் கதவும் ஒன்றுதான்.

இதைப் பாடமாய்ப் படித்தவள்தான் நான்.
பரீட்சையில் இந்தக் கேள்வியை விட்டுவிட்டு
வேறொன்றுக்கு பதில் எழுதினேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து லேபுக்கு எட்டு நிமிட நடை.
மே மாதத்திலிருந்து அந்த எட்டு நிமிடத்துக்கு
மூக்கின் இருபுறமும் சிவந்து தடித்தது.
"யாருக்காக இந்த மேக்கப்?" என்று சிரித்தாள் மரிவிக்.
வெயிலில் தோலின் செல்கள் கூட்டமாய்ச் சாகும்,
எல்லோருக்கும்தான்.
அள்ள ஆள் இருப்பவர்கள்
கொஞ்சம் கறுத்துப்போவார்கள், அவ்வளவே.
ஜூனில் விரல்கள்
பைப்பெட்டைப் பிடிக்க மாட்டேன் என்றன.

செவ்வாய்க்கிழமை இரவுப் பணி.
இடது கையில் நானே குத்தி மூன்று மில்லி எடுத்தேன்.
சிவப்பு அடியில் படிய
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது.
பெயர் ஒட்டவில்லை. இருபத்தேழு.
பெயர் இருந்தால் ஃபைல் உண்டு,
ஃபைல் இருந்தால் ஹெச்ஆர் உண்டு,
செப்டம்பரில் இக்காமா புதுப்பிக்க வேண்டும்.

நீர்த்தேன்.
ஒன்றுக்கு எண்பது, நூற்று அறுபது,
அறுநூற்று நாற்பது வரை.
கண்ணாடியில் சொட்டு, அரை மணி நேரம், கழுவல்.
சாயம், அரை மணி நேரம், கழுவல்.
விளக்கை அணைத்தேன்.

நோயில்லாத ஒப்பீட்டு ரத்தம்: இருட்டு.
இருபத்தாறு: இருட்டு.
இருபத்தேழில்
ராத்திரியில் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
ரிஃபைனரி எரியுமே, ஒரு விளக்கு விடாமல்,
அப்படிப் பச்சையாய் எரிந்தன கருக்கள்.
கடைசி நீர்த்தலிலும்.

ஒளி பட்டால் அந்தச் சாயம் வெளுத்துவிடும்.
பார்க்கப் பார்க்க மங்கும்,
சீக்கிரம் எழுதிக்கொள் என்றுதான்
புதிதாய் வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.
எழுதவில்லை.
கண்ணை எடுக்காமல் அதன்மேலேயே வைத்திருந்தேன்.
பாதி மங்கியிருந்தபோது
கதவுக்கு வெளியே மரிவிக் குரல்,
"இருபத்தேழு யாரு?
பெயரே இல்லையே."