ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்

வாளையாரில் எடைமேடை வேலை எனக்கு.
இரவு பத்து முதல் விடியும் வரை
லாரி ஏறும், நிற்கும், இறங்கும்.
நான் எண்ணை மட்டும் குறித்துக்கொள்வேன்.
இரண்டு பஸ் தள்ளி, வேலந்தாவளத்தில்,
அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே
என் கணினி விழித்திருக்கும்.
லினக்ஸ் போட்டது காசில்லாமல்தான்;
கொள்கையெல்லாம் பிறகு வந்தது.

இங்கிருந்து அதைத் தொட வேண்டும்.

முதல் கருவி சுலபம்: ஒன்பது இலக்கம், ஒரு கடவுச்சொல்.
ஆனால் என் வீட்டுக்கு நான் போக
யாரோ ஒருவரின் சர்வரில் இறங்கி ஏறணும்.
கோவைக்குப் போகக் கொல்லம் வழியா?
மூன்றாம் நாள், நீ வணிகம் செய்கிறாய் என்று
ஐந்து நிமிடத்துக்கொரு தரம் வெளியே தள்ளியது.
தேங்காய் மண்டிக் கணக்கு,
மாதம் ஆயிரத்து இருநூறு.
வணிகமாம்.

அடுத்தது வேகம், வாய்க்கால் தண்ணீர்போல.
உள்ளே போனால் வேறு வீடு.
புதுத் திரை, வெறும் நீலம்,
திறந்து வைத்துவிட்டு வந்த எதுவும் அங்கில்லை.
அதே பெயரில் இன்னொரு நான்.
எனக்கு வேண்டியது
பாதியில் விட்ட அந்த வரி.

மூன்றாவது இருட்டைக் காட்டியது.
வேலண்டை விட்டுப் பழைய எக்ஸுக்கு மாற்று என்றான்
கஞ்சிக்கோட்டில் சர்வர் பார்க்கும் ரிஜோ, மலையாளத்தில்.
மாற்றினேன்.
வந்தது திரை, கட்டம் கட்டமாக,
சுவரில் போஸ்டர் ஒட்டுகிற மாதிரி.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரம், அந்த வாசலின் எண்.
ஊருக்குத் திறந்து வைக்கவில்லை.
செக்போஸ்ட் அருகே வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா
திறந்த கேட்டில் என்னென்ன நுழையுமென்று.
எஸ்எஸ்ஹெச்சில் ஒரு சுரங்கம், ஒரே சாவி.
மற்றபடி டவர்களின் தயவு:
மேடைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா,
நடுவில் லாரி நின்றால் இரண்டும் இல்லை.

நேற்று இரண்டு மணி இருக்கும்.
நுழைந்து மவுஸை அசைத்தேன்.
கையை எடுத்த பிறகும் அம்பு நகர்ந்தது.

அடிவயிறு சில்லிட்டது.

அது தட்டுத்தடுமாறிப் போய்
ஒரு காலிப் பக்கத்தைத் திறந்தது.
ஓர் எழுத்து. வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னோர் எழுத்து.
யாரு

ஜபருல்லா.
தொட்டால் கெட்டுடும் என்று
நான்கு வருடமாய் அந்த மேசையைச் சுற்றி நடந்த மனிதர்.
நாந்தான், என்று அடித்தேன்.
குறி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.
பிறகு, புள்ளி இல்லாமல்:
சாபடியா

ஹாரன். பதினெட்டு டன் நானூறு கிலோ.
எழுதிவிட்டுத் திரும்பினால்
இணைப்பு அறுந்து கிடந்தது.

காலையில் வீடு.
சேமிக்கத் தெரியவில்லை, அணைக்கவும் மனமில்லை போல;
திரையின் மேல் தன் துண்டைப் போர்த்திவிட்டு
பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தார்.